ஆட்காட்டியின் நான்கு முட்டைகள்

அந்தக் காலத்தில், குருவி ஏதாவது சொன்னால் மனிதர்கள் நின்று கேட்டு, பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். இது அப்போது நடந்தது.

மலையைப் பிளந்துகொண்டு ஓர் ஆறு ஓடியது. இரண்டு பக்கமும் பத்துப் பனை உயரத்துக்குச் செங்குத்தான பாறை. நடுவில் ஒடுங்கி, வளைந்து வளைந்து வரும் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் அகன்று, பெரிய மணல் திட்டு ஒன்றை ஒதுக்கிவிட்டுப் போகும். அதற்கு ஏழூர் மணல் என்று பெயர். ஏழு ஊருக்கும் பொதுவான இடம் அது. யாரும் அங்கே உழக்கூடாது, வேலி போடக்கூடாது, குடிசை கட்டக்கூடாது. வெயில் காலத்தில் யார் வேண்டுமானாலும் இறங்கிவந்து குளிக்கலாம், மீன் பிடித்துச் சமைக்கலாம், பாறை நிழலில் காலை நீட்டிப் படுக்கலாம். பொழுது சாய்வதற்குள் ஏறிவிட வேண்டும். ஏறுவதற்குப் பாறையில் வெட்டிய ஒரே ஒரு படிக்கட்டுதான் இருந்தது.

மாதி அங்கே வந்தது கல்யாணமான முதல் சித்திரையில். அவள் பிறந்த ஊர் வானம் பார்த்த காடு. கிணற்றுத் தண்ணீரைத்தான் அவள் பார்த்திருந்தாள். நீச்சல் தெரியாது. இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும் தண்ணீரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். புருஷன் கெம்பனோ ஆற்றங்கரையில் பிறந்தவன். இறங்கியதும் இறங்காததுமாகத் தலைப்பாகையை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தண்ணீரில் குதித்துவிட்டான். ஊர்க்காரர்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஒரு பக்கம் பறை அடித்தார்கள். ஒரு பக்கம் பெண்கள் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மணலில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

மாதியின் இடுப்பில் மாமியாருடைய வெண்கலப் பானை இருந்தது. முழங்கால் வலியால் மாமியார் வரவில்லை. பானையைக் கொடுக்கும்போது, "எங்கம்மா எனக்குக் குடுத்த பானை இது. ஆத்தோட விட்டுட்டு வந்துடாதே" என்று மட்டும் சொன்னாள். விளையாட்டாகச் சொன்னாளா, மிரட்டினாளா என்று மாதிக்குத் தெரியவில்லை. புகுந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த முகத்தைப் படிக்க அவள் இன்னும் பழகவில்லை. வழி முழுக்கப் பானையை இறுக்கிப் பிடித்தபடியே வந்தாள்.

அடுப்புக்கு மூன்று கல் பொறுக்கி வைத்தபோது, காலடியில் ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"அக்கா, அடுப்பை இங்க வெக்காதே."

குனிந்து பார்த்தாள். மஞ்சள் கால்களோடு ஒரு குருவி நின்றது. அப்போதெல்லாம் அதற்கு ஆட்காட்டி என்ற பெயர் கிடையாது. கரைக்குருவி என்பார்கள். அதன் குரல் அவ்வளவு சன்னமானது. பக்கத்தில் வந்து பேசினால்தான் காதில் விழும். குருவிக்குப் பின்னால், மணலில் ஒரு சின்னக் குழியில் நான்கு முட்டைகள் கிடந்தன. சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை.

"ஐயோ, பார்க்கலையே தங்கச்சி" என்று மாதி கற்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்தடி தள்ளி அடுப்பு கூட்டினாள். வெண்கலப் பானையில் உலையை வைத்துவிட்டுத் திரும்பினால், குருவி முட்டையின் மேல் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தது. ஆறு வரும் திசையைப் பார்க்கும், முட்டையைப் பார்க்கும், மறுபடி அந்தத் திசையைப் பார்க்கும்.

"என்ன அங்கேயே பார்க்கறே?"

"தண்ணியோட வாசனை மாறிப்போச்சு அக்கா. காலையில பாசி வாசனை அடிச்சது. இப்போ மண் வாசனை அடிக்குது."

மாதி அண்ணாந்து பார்த்தாள். இரண்டு பாறைக்கும் நடுவே தெரிந்த வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.

"மழையே இல்லையே?"

"இங்க இல்லை. மலைக்கு மேல பெய்யுதோ என்னமோ."

மாதி ஓடிப்போய்க் கெம்பனைக் கூப்பிட்டாள். "மாமா, தண்ணி வாசனை மாறியிருக்காம். கரைக்குருவி சொல்லுது."

கெம்பன் தலையைச் சிலுப்பிக்கொண்டு சிரித்தான். "உனக்குக் குடத்துல இருக்கற தண்ணியைப் பார்த்தாலே பயம். குருவி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். போய்ச் சோத்தைப் பாரு, பசிக்குது." சொல்லிவிட்டு முங்கிவிட்டான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

திரும்பி வந்தவளிடம் குருவி சொன்னது: "மேல மூணாவது வளைவு வரைக்கும் போய்ப் பார்த்தா தெரிஞ்சிடும். ஆனா இதுங்களை விட்டுட்டு எப்படிப் போவேன்? இதுங்க அப்பனை ஏழு நாளைக்கு முன்னால வல்லூறு தூக்கிட்டுப் போயிடுச்சு. நான் ஒருத்திதான்."

"நீ போய்ப் பாரு. நான் பார்த்துக்கறேன்" என்றாள் மாதி.

"காக்கா வரும்."

"விரட்டறேன்."

"பிள்ளைங்க ஓடி வந்து மிதிச்சுடுவாங்க."

"முன்னாடி நின்னுக்கறேன்."

"நான் வர்றதுக்குள்ள தண்ணி வந்துட்டா?"

"நாலையும் மடியில கட்டிக்கிட்டு ஏறிடறேன். இந்த ஆத்துத் தண்ணியைத் தொட்டுச் சொல்றேன், போ."

மாதி நிஜமாகவே போய்த் தண்ணீரைத் தொட்டுவிட்டு வந்தாள். குருவி நாலடி நடந்தது. திரும்பி வந்து முட்டைகளை அலகால் ஒரு முறை புரட்டிவிட்டது. மறுபடி நடந்தது, மறுபடி திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரே வீச்சில் எழும்பி, தண்ணீரை ஒட்டியே பறந்து முதல் வளைவில் மறைந்தது.

மாதி முட்டைகளுக்குப் பக்கத்தில் குந்தினாள். ஒரு காகம் வந்தது, விரட்டினாள். இரண்டு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கையை விரித்து நின்று வேறு பக்கம் திருப்பிவிட்டாள். உலை கொதித்ததும் எழுந்து போய் அரிசியைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்து மறுபடி உட்கார்ந்தாள். குருவி வரவில்லை. கரையோரம் காய்ந்து கிடந்த ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கல்லின் அடி ஈரமானது. அலை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு பாதிக் கல் ஈரமானது. ஒரு கொத்துப் பச்சை இலை நுரையோடு மிதந்து போனது. பறைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்பதுபோல் இருந்தது. காதைத் தீட்டினால் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்லலாமா என்று வாயெடுத்தாள். மறுபடி சிரிப்பார்கள் என்று மென்று விழுங்கினாள்.

அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்து போனபோதுதான் குருவி திரும்பி வந்தது.

"தண்ணி வருது! ஏறுங்க!"

அந்தச் சன்னக் குரல் யாருக்குக் கேட்கும்? பறை அடிப்பவனின் தலைக்கு மேல் சுற்றியது. குளிப்பவர்களின் முகத்துக்கு நேராக வந்து கத்தியது. அவர்கள் கையால் தள்ளினார்கள். குருவி உயரே எழும்பியது. இருக்கிற உயிரையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து கத்தியது. கத்திய கத்தலில் தொண்டை கிழிந்தது. கண்ணோரம் ரத்தம் கட்டிச் சிவந்தது. அந்தக் கிழிந்த குரல் இரண்டு பாறையிலும் மோதித் திரும்பியது. பறை நின்றது.

பறை நின்றதும் அந்த இன்னொரு சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மலையே உருண்டு வருவதுபோன்ற சத்தம்.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, துணியை விட்டுவிட்டு, எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். கெம்பன் வந்து மாதியின் கையைப் பிடித்து இழுத்தான். மூன்று படி ஏறியவள், "ஐயோ!" என்று கையை உதறினாள்.

"எங்கடி போறே?"

அவள் இறங்கி மணலில் ஓடினாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. அடுப்பு புகைந்து அணைந்துகொண்டிருந்தது. முந்தானையைக் கையில் சுற்றி, கொதிக்கும் பானையைத் தூக்கினாள். உள்ளங்கை வெந்தது. விடவில்லை. பத்தடி தூரத்தில் வெள்ளையாக ஏதோ கண்ணில் பட்டது என்று பின்னால் சொன்னாள். கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. பானையோடு திரும்பி ஓடினாள். கெம்பன் அவள் தலைமுடியைப் பிடித்துத்தான் படியில் ஏற்றினான். அவர்கள் பாதிப் படி ஏறுவதற்குள், வேரோடு பிடுங்கிய மரங்களைச் சுமந்துகொண்டு செந்நிறத் தண்ணீர் சுவர்போல வந்தது. ஏழூர் மணல் இருந்த இடத்தில் மணல் இல்லை.

பாறை உச்சியில் நின்று தலையை எண்ணினார்கள். ஒரு தலைகூடக் குறையவில்லை. அழுதார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மாதி பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நல்லவேளை, பானை தப்பிச்சது" என்று அவளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்த அதே நேரத்தில் குருவியும் வந்தது.

அதன் குரல் திரும்பவில்லை. கிழிந்த குரலிலேயே கேட்டது. "எங்கே வெச்சே?"

மாதிக்கு அப்போதுதான் முட்டைகள் ஞாபகம் வந்தன.

குருவி அவள் மடியைப் பார்த்தது. முந்தானை முடிச்சைப் பார்த்தது. "மடியில கட்டிக்கறேன்னு சொன்னியே. எங்கே வெச்சே?" பிறகு பானையைப் பார்த்ததும் அதன் முகம் தெளிந்தது. "பானைக்குள்ளயா வெச்சிருக்கே?" என்று விளிம்பில் தாவி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தது.

உள்ளே பாதி வெந்த சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

குருவி அவளையே வெகுநேரம் பார்த்தது. பிறகு வெள்ளத்துக்கு மேலே பறந்து போய், "எங்கே வெச்சே? எங்கே வெச்சே?" என்று கேட்டுக்கொண்டே சுற்றியது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடி பாவி, விளையாட்டுக்குச் சொன்னேன்டி. பானை போனா போயிட்டுப் போகுது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" மாதியின் வெந்த கைக்கு மருந்து அரைத்துப் போட்டாள். அந்தப் பானையில் இரண்டு பேரும் பிறகு சமைக்கவே இல்லை.

எட்டாம் நாள் வெள்ளம் வடிந்தது. மாதி தனியாகப் படியிறங்கிப் போனாள். புது மணலும் புதுக் கற்களுமாக இடமே மாறிக் கிடந்தது. தூரத்தில் நின்ற குருவி அவளைக் கண்டதும் எழும்பிக் கத்தியது. கண்ணைச் சுற்றி அந்தச் சிவப்பு ஆறவே இல்லை.

"தப்பு என் மேலதான் தங்கச்சி. என்னை என்ன வேணும்னாலும் சொல்லு" என்று மாதி மணலில் மண்டியிட்டாள்.

குருவி ஒரு கல்லின் மேல் இறங்கியது. "நீ கெட்டவ இல்லை அக்கா. அந்த நேரத்துல உனக்குப் பானை ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். மனுஷங்களுக்கு அப்படித்தான் ஞாபகம் வரும்போல. இனிமே என் முட்டையை யாரை நம்பியும் விட மாட்டேன். இருக்கற இடத்தைக்கூடக் காட்ட மாட்டேன். ஆனா தண்ணி வந்தா சொல்லாம இருக்க என்னால முடியாது."

குருவி மனிதரோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த முறை அது இட்ட முட்டைகள் வெள்ளையாக இல்லை. கூழாங்கல்லின் நிறத்தில், கூழாங்கல்லின் புள்ளிகளோடு, கற்களுக்கு நடுவே கிடந்தன. மாதி உயிரோடு இருந்தவரை, ஏழூர் மணலுக்கு யார் வந்தாலும் முன்னால் இறங்கி, குனிந்து தரையைப் பார்த்துப் பார்த்து நடந்து, இடம் காட்டிய பிறகே மற்றவர்களை உட்காரவிட்டாள்.

அன்று முதல்தான் ஆட்காட்டி மரமேறாமல், கண்ணோரச் சிவப்போடு ஆற்றங்கரைக் கற்களுக்கு நடுவிலேயே காவல் நிற்கிறது, ஆள் தலை தெரிந்தாலே எழும்பி, "எங்கே வெச்சே? எங்கே வெச்சே?" என்று கேட்கிறது. காரணமில்லாமல் அது கத்தினால், குளிக்கிறவர்கள் அப்படியே நின்று, ஆறு வரும் திசையைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.