படிக்கட்டுக்குப் போட்ட பூட்டு

முத்துக்கருப்பன் அந்தப் பல்கலைக்கழகத்தின் செயற்பொறியாளர். வளாகக் கட்டடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு விதிநூல் எழுதியவர். தலைமைக் கட்டடக் கலைஞர் ஜெசிந்தாவைத்தான் தன் குருவாக நினைத்திருந்தார். குருவைவிடச் சீடருக்கு ஆறு வயது கூடுதல். இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று காலை அவர் முகம் வாடிப்போய் வந்து நின்றார்.

"மேடம், ஆராய்ச்சிக் கட்டடத்து வாசல்ல ஒரு பொண்ணு நிக்குது. நிறைமதின்னு பேரு. சக்கர நாற்காலி. பத்து மணிக்கு பி.எச்.டி. வைவா. உள்ள போக முடியல."

"சரிவுப்பாதை கட்டலையா?"

"கட்டியிருக்கு. பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம், ரெண்டு பக்கமும் கைப்பிடி, எல்லாம் விதிப்படி. பைக் ஏத்துறாங்கன்னு குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டிட்டாங்க. சாவியோட காவலாளி டிபன் சாப்பிடப் போயிட்டாராம். அடுத்த ஆறு கட்டடமும் இதே விதிநூல்படிதான் வரப்போகுது. நூல் நாளைக்கு அச்சுக்குப் போகணும். நான் எதை எழுதாம விட்டேன்?"

ஜெசிந்தா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நிறைமதி வெயிலில் காத்திருந்தாள். மடியில் ஆய்வேடு. தூக்கிக்கொண்டு போகிறோம் என்று நான்கு மாணவர்கள் நின்றார்கள்.

"வேண்டாம். அஞ்சு வருஷம் உழைச்சிருக்கேன். மூட்டை மாதிரி அங்க போய் இறங்க மாட்டேன்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. முத்துக்கருப்பனுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பத்தரைக்குக் காவலாளி வந்து திறந்தார். தேர்வாளர்கள் நல்ல மனிதர்கள், பொறுத்திருந்தார்கள். அவள் உள்ளே போனாள்.

ஜெசிந்தா அந்தச் சங்கிலியைக் கழற்றிப் படிக்கட்டுக்குக் குறுக்கே கட்டிப் பூட்டினார். சாவியைக் காவலாளியிடமே கொடுத்தார்.

"போய் ஒரு டீ குடிச்சிட்டு மெதுவா வாங்கண்ணே."

பேராசிரியர்கள் வந்தார்கள். சங்கிலியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே சரிவுப்பாதையில் ஏறினார்கள். துணைவேந்தர் வந்தார். அவரும் அப்படியே ஏறினார். கால் மணி நேரத்துக்குள் படிக்கட்டைத் திறக்கச் சொல்லி ஜெசிந்தாவுக்கு மூன்று போன் வந்துவிட்டது. சரிவுப்பாதை பூட்டிக் கிடந்த ஏழு மாதத்தில் ஒரு போன்கூட வந்ததில்லை.

முத்துக்கருப்பன் பேனாவை எடுத்தார்.

"சரிவுப்பாதையைப் பூட்டக் கூடாதுன்னு எழுதிடுறேன்."

"பூந்தொட்டி வைப்பாங்க."

"தொட்டியும் கூடாதுன்னு எழுதுறேன்."

"வரவேற்புப் பலகை வைப்பாங்க."

"அப்ப என்னதான் மேடம் எழுதுறது?"

"வாசல்ல படியே வேண்டாம்னு எழுதுங்க. எல்லாருக்கும் ஒரே சரிவுப்பாதை. நல்லா அகலமா."

எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார்.

"அதுலயும் பைக் ஏத்துவாங்களே?"

"துணைவேந்தர் நடக்குற வழியிலயா சார்?"