தூக்கினது எல்லாம்

"மாவட்டப் போட்டியில எனக்கு நாலு அநியாயம் நடந்திருக்கு மாஸ்டர். வரிசையாச் சொல்லுதேன்" என்றான் பொன்னுமாடன்.

ஜெபக்கனி இரும்புத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"முதல் வருஷம், ஸ்குவாட். தோள்ல கம்பியோட உக்காரையில இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்கலைன்னு ரெண்டு நடுவர் சிவப்பு விளக்கு போட்டாங்க. இறங்கினதை நாப்பது பேர் பார்த்தாங்க."

ஒரு தட்டு.

"ரெண்டாம் வருஷம், தராசு. எனக்கு மட்டும் முந்நூறு கிராம் கூடக் காட்டுச்சு. அதைக் குறைக்க வெயில்ல ஒரு மணி நேரம் ஓடினேன். ஓடினவன் எங்க தூக்க?"

இன்னொரு தட்டு.

"மூணாம் வருஷம், பெஞ்ச். மல்லாந்து படுத்திருக்கேன், கம்பி நெஞ்சுல கிடக்கு. நடுவர் 'பிரஸ்'னு சொன்ன பிறகுதான் தள்ளணும். அவரு பக்கத்து ஆள்கிட்ட பேசிக்கிட்டு இருக்காரு."

"நாலாம் வருஷம்?"

"டெட்லிஃப்ட். தரையிலேருந்து எடுத்த கம்பி முட்டி வரைக்கும் வந்துச்சு. அங்கேயே நின்னுட்டு."

ஜெபக்கனி நிமிர்ந்தார்.

"அது யார் செஞ்ச அநியாயம்?"

"பயிற்சி அட்டவணை செஞ்சது. மதுரையில ஒருத்தர் எழுதிக் கொடுத்தாரு. என்னைப் பாதி ஆளாக்கிட்டாரு."

ஜெபக்கனிக்கு முப்பத்திரண்டு வயது. தேசிய வலுதூக்கும் போட்டியில், பெண்கள் பிரிவில், இரண்டு முறை பதக்கம் வாங்கியவர். சந்தைக்குப் பின்னால், முன்பு பஞ்சு சேமித்துவைத்த பழைய கிட்டங்கியில் பயிற்சிக்கூடம் நடத்தினார்.

பொன்னுமாடனுக்கு முப்பத்தொன்பது. ரயில்வே சரக்குக் கொட்டகையில் மூட்டை சுமப்பவன். அங்குள்ள சங்கத்துக்குத் தலைவன். மூன்று வேலைநிறுத்தம் நடத்தினான். இரண்டில் ஜெயித்தான். மூன்றாவதைப் பற்றி அவனும் பேசுவதில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை.

மாநிலப் போட்டிக்குப் போக, மாவட்டப் போட்டியில் ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றும் சேர்ந்து ஐந்நூறு கிலோ வர வேண்டும். நான்கு வருடமும் வரவில்லை.

"அடுத்த வருஷம் எனக்கு நாப்பது. மூத்தோர் பிரிவுல தள்ளிருவாங்க. மூத்தோர் பிரிவுன்னா என்ன மாஸ்டர்? மாலையைப் போட்டு ஓரமா உக்கார வைக்கது. இந்த வருஷம் ஐந்நூறு வந்தாகணும். கொட்டகையில சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"எல்லாருகிட்டயும். இருபத்திரண்டு பேரு. ஒரு லோடுமேன் மாநிலப் போட்டியில நிப்பான்னு வாயால சொல்லிட்டேன். இதுலயும் தோத்தா, நாளைக்கு நான் வேலைநிறுத்தம்னு சொன்னா எவன் கேப்பான்?"

"எத்தனை வாரம் இருக்கு?"

"பத்து."

ஜெபக்கனி மேசையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

"தூக்கினது எல்லாத்தையும் எழுதுங்க அண்ணாச்சி. தேதி, எடை, எத்தனை தடவை. ரெண்டு வாரம் எழுதுங்க. அதைப் பார்த்து அட்டவணை போடுதேன்."

"அவ்வளவுதானா?"

"தூக்கினது எல்லாம்."

பொன்னுமாடன் எழுதினான். நோட்டீஸ் எழுதிப் பழகிய கை. எழுத்து அச்சுக் கோத்தது போல இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஜெபக்கனி அட்டவணை போட்டார். திங்கள் ஸ்குவாட். புதன் பெஞ்ச். வெள்ளி டெட்லிஃப்ட். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் ஏற்றம். ஆறாவது வாரம் எடையில் பாதி.

பொன்னுமாடன் ஆறாவது வாரத்தில் விரலை வைத்தான்.

"இது என்ன?"

"இறக்கம். உடம்புக்கு ஓய்வு."

"வேலைநிறுத்தம் நடக்கு. நல்லாப் போகுது. ஆறாவது வாரம் பாதிப்பேர் உள்ளே போய் வேலை பாருங்கன்னு ஒரு தலைவன் சொன்னா, அவனுக்கு என்ன பேரு மாஸ்டர்?"

"நீங்கதான் சொல்லணும்."

"கருங்காலி."

ஜெபக்கனி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஆறாவது வாரம் பாதி" என்றார்.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வாரம் கம்பி ஏறியது. பொன்னுமாடன் அதிகம் பேசவில்லை. ஆறாவது வாரம் பாதி எடையைத் தூக்கிவிட்டு, முகம் கழுவாமல் போனான்.

ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமை. கம்பியில் நூற்றுத் தொண்ணூறு. இரண்டு வாரத்துக்கு முன் இதை மூன்று முறை எடுத்திருந்தான்.

கம்பி தரையைவிட்டுக் கிளம்பவில்லை.

திரும்பவும் பிடித்தான். முதுகு வளைந்தது. ஜெபக்கனி "விடுங்க" என்றார்.

அவன் விடவில்லை.

"விடுங்க அண்ணாச்சி."

விட்டான்.

இறக்கத்துக்குப் பிறகு எடை ஏறியிருக்க வேண்டும். ஜெபக்கனி நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒவ்வொரு பக்கமாக. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"தூங்குதீங்களா?"

"தூங்குதேன்."

"சாப்பாடு?"

"நீங்க சொன்னதுதான். பத்து முட்டைன்னா பத்து முட்டை. கோழி என்னைப் பார்த்தா ஓடுது."

அவர் சிரிக்கவில்லை.

"தூக்கினது எல்லாம் எழுதினீங்களா?"

"எல்லாம்."

"எல்லாம்?"

"மாஸ்டர், நான் பொய் எழுதினதா ஒரு அதிகாரி சொன்னது கிடையாது. நீங்க சொல்லாதீங்க."

ஜெபக்கனி நோட்டை மூடினார்.

"இந்த நோட்டுல இருக்க ஆளு இன்னைக்கு இருநூறு தூக்குவான். நீங்க நூத்தித் தொண்ணூறை அசைக்கல. அப்ப நோட்டுல இருக்கது வேற ஆளு."

பொன்னுமாடன் இடுப்புப் பட்டையைக் கழற்றித் தரையில் போட்டான்.

"பைபாஸ் ரோட்டு ஜிம்காரன் ஒருத்தனும் என் எடைப் பிரிவுலதான் நிக்கான். ஊர்ல பேசுதாங்க. நீங்க அவன் ஆளோன்னு."

"யாரு பேசுதா?"

"நான் பேசுதேன்."

கூடத்தில் மற்றவர்கள் தட்டுகளைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தார்கள்.

"எங்க கொட்டகையில ஒரு வழக்கம் உண்டு" என்றான் அவன். "ஒருத்தர் மேல குறை இருந்தா முதுகுக்குப் பின்னால பேச மாட்டோம். எல்லாரும் நிக்கையில சொல்லுவோம். அவங்களும் பதில் சொல்லலாம். பிறகு கை தூக்கி முடிவு. ஞாயித்துக்கிழமை வாங்க. உங்க பேரைச் சொல்லப்போறேன். முடிவு உங்களுக்கு எதிராப் போனா, எங்க ஆள் ஒருத்தன் இந்தக் கிட்டங்கிக்குள்ள கால் வைக்க மாட்டான்."

அங்கே பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கொட்டகை ஆட்கள்.

"எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணிக்கு டீ. அப்ப."

"வேலை எப்பத் தொடங்கும்?"

"ஆறுக்கு. அது எதுக்கு உங்களுக்கு?"

"நோட்டு என்கிட்ட இருக்கட்டும்" என்றார் ஜெபக்கனி.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஜெபக்கனி கொட்டகைக்கு வந்துவிட்டார்.

உர ரேக், உர மூட்டை ஏற்றிய சரக்கு ரயில், வந்து நின்றது. வேகன் கதவுகள் திறந்திருந்தன. அவர் ஒரு காலிப் பலகைமேல் உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்தார்.

பொன்னுமாடன் பார்த்தான். வணக்கம் சொல்லவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேகனுக்குப் போனான்.

ஐம்பது கிலோ மூட்டை. வேகனில் குனிந்து பிடித்து, முதுகில் ஏற்றி, பலகை வழியே இறங்கி, லாரிக்கு நடந்து, அட்டியின் உச்சியில் தள்ளினான். ஆள் உயரத்துக்கு மேல் போயிருந்தது அந்த அடுக்கு. திரும்பி வந்தான்.

ஜெபக்கனி ஒரு கோடு போட்டார்.

அடுத்த மூட்டை. அடுத்த கோடு.

மந்திரமூர்த்தி என்று ஒரு லோடுமேன், பொன்னுமாடனின் செட்டு ஆள், மூட்டையோடு அவரைக் கடந்தபோது சொன்னான்:

"மாஸ்டரம்மா வேவு பாக்காவ வே. பார்த்து நட."

"பாக்கட்டும்" என்றான் பொன்னுமாடன். "பார்த்தாவது தெரியட்டும், உழைக்கவன் எப்படி இருப்பான்னு."

எட்டரைக்கு இரண்டு பேர் பீடி பற்றவைக்க உட்கார்ந்தார்கள். அவர்கள் முறையையும் பொன்னுமாடன் எடுத்துக்கொண்டான். அது அவன் வழக்கம். தலைவன் உட்கார்ந்தால் கொட்டகையே உட்காரும் என்பான்.

ஜெபக்கனி கோடு போட்டுக்கொண்டிருந்தார். வெயில் அவர் பக்கம் வந்தது. அவர் நகரவில்லை.

பதினோரு மணிக்கு டீ வந்தது. யாரும் கிளாஸை வாங்கவில்லை. இருபத்திரண்டு பேரும் கொட்டகை வாசலில் வட்டமாக நின்றார்கள்.

பொன்னுமாடன் நடுவில் வந்தான். நியாயம் கேட்பவன் குரல் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். கேட்பவர்களின் காது அப்படி.

"தோழர்களே. நாலு வருஷமா என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். சிவப்பு விளக்கு. தராசு. நடுவர் வாய். மதுரை அட்டவணை. இப்ப அஞ்சாவது. ஏழு வாரம் இந்த மாஸ்டர் சொன்னதைத்தான் செஞ்சேன். ஐந்நூறு வரணும்னா டெட்லிஃப்ட் இருநூத்திப் பதினஞ்சு வரணும். முந்தாநாள் நூத்தித் தொண்ணூறு எந்திரிக்கல. இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. இதுக்குப் பதில் வேணும்."

வட்டம் ஜெபக்கனியைப் பார்த்தது.

அவர் எழுந்து நோட்டைப் பிரித்தார்.

"என் அட்டவணை தப்பு" என்றார்.

ஒருவன் இருமினான். பொன்னுமாடன் இதை எதிர்பார்க்கவில்லை.

"இது நோட்டுல இருக்க ஆளுக்குப் போட்டது. அண்ணாச்சிக்குப் போட்டதில்லை. வாசிக்கேன். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. டெட்லிஃப்ட், தொண்ணூத்தஞ்சு கிலோ, மூணு தடவை, அஞ்சு சுற்று. அந்தப் பக்கத்துல அவ்வளவுதான் இருக்கு. இறக்க வாரம். அன்னைக்குக் காலையில இங்க ரேக் உண்டா?"

பொன்னுமாடன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான்.

"உண்டு மாஸ்டர்" என்றான் மந்திரமூர்த்தி. "சிமெண்டு. அந்த வாரம் பூரா சிமெண்டுதான். உடம்பு சும்மா இருக்கு, அரிக்குதுன்னு சொல்லி என் முறையையும் சேர்த்து இவருதான் சுமந்தாரு. நான் நல்லாத் தூங்கினேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சும்மா இருவே" என்றான் பொன்னுமாடன்.

ஜெபக்கனி கடைசிப் பக்கத்தைத் திருப்பி வட்டத்துக்குக் காட்டினார். ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். பக்கம் நிறையக் கோடுகள்.

"இன்னைக்கு ஆறு மணியிலேருந்து இப்ப வரைக்கும். நூத்திப் பன்னண்டு. ஒவ்வொண்ணும் அம்பது கிலோ. இதை நான் எழுதினேன். இவரு எழுதின நோட்டுல இப்படி ஒரு கோடு கிடையாது. மொதப் பக்கத்திலேருந்து கிடையாது."

"மாஸ்டர்." பொன்னுமாடன் ஒரு அடி முன்னால் வந்தான். "கூட்டத்தைத் திசை திருப்பாதீங்க. நான் கேட்டது இரும்பைப் பத்தி. நீங்க மூட்டையைப் பத்திப் பேசுதீங்க."

"தூக்கினது எல்லாத்தையும் எழுதுங்கன்னு சொன்னேன்."

"எழுதினேனே. தூக்கினதை எழுதினேன். இது தூக்கது இல்லை. இது சுமக்கது. பொழப்பு. பொழப்பை எவனாவது நோட்டுல எழுதுவானா?"

யாரும் அவனுக்கு ஆமாம் போடவில்லை. மறுக்கவும் இல்லை.

"கம்பியைப் பிடிச்சா அது தூக்கு" என்றான் மறுபடியும், கொஞ்சம் வேகமாக. "மூட்டை வேற. மூட்டை எங்க அப்பனும் சுமந்தான். அவனுக்கு எவன் பதக்கம் கொடுத்தான்? அது கணக்குலயே சேராது."

"சரி" என்றார் ஜெபக்கனி.

நோட்டை மூடினார். கையில் பென்சில் மட்டும் இருந்தது. அதைக் கொட்டகை வாசலுக்கு மேலே நீட்டினார். அங்கே சிவப்புத் தகரத்தில் வெள்ளை எழுத்து.

"அந்தப் பலகை யாரு எழுதினது அண்ணாச்சி?"

"நான்தான். என் கையால. போலீஸ் கழட்டிட்டுப் போச்சு. திரும்ப எழுதி மாட்டினேன்."

"சங்கத்தோட பேரு முழுசா இருக்கா?"

"ஒரு எழுத்து குறையாது."

"வாசிங்க. எல்லாரும் கேட்ட பிறகு கை தூக்கட்டும். மூணு வாரம் என்கிட்ட இருக்கதா, வேண்டாமான்னு நீங்களும் அப்பச் சொல்லுங்க."

பொன்னுமாடன் தலையை நிமிர்த்தினான். ஆயிரம் முறை வாசலில் நின்று முழங்கிய பெயர். எழுத்தைப் பார்க்கவே தேவையில்லை. இருந்தாலும் பார்த்தான்.

"வட்டாரச் சரக்குக் கொட்டகை" என்றான் உரத்த குரலில்.

நின்றான்.

இருபத்திரண்டு பேரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள்.

"சுமை" என்றான்.

அடுத்த சொல் வர நேரமாயிற்று. வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"தூக்கும் தொழிலாளர் சங்கம்."