கெம்பன் ஊதிய பூச்சி

அந்தக் காலத்தில், ஓடைப் பூச்சிக்கும் பேச்சு இருந்தபோது, மலைமேல் கெம்பன் என்றொருவன் இருந்தான். அவன் மனைவி மாதி பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. பால் ஊறவில்லை. குளிர்ந்த மலை ஓடையில் வாழும் டிரவுட் மீனின் சாறு குடித்தால் ஊறும் என்றார்கள்.

அந்த மீனோ நீர்மேல் மிதக்கும் பூச்சியைத்தான் கவ்வும். கெம்பன் ஓர் ஓடைப் பூச்சியைத் தூண்டில் முள்ளில் குத்தப் போனான்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க," என்றது பூச்சி. "ஒரு வருஷம் தண்ணிக்குள்ள கிடந்து இன்னைக்குத்தான் இறக்கை முளைச்சுது. பொழுது சாஞ்சா செத்துடுவேன். அந்த ஒரு நாளையும் பிடுங்கணுமா?"

"என் பிள்ளை பசியில அழுவுதே!"

"என்னை மாதிரியே ஒண்ணு செஞ்சு போடுங்க. பார்த்துச் செய்ய எதிர்ல உட்கார்ந்து காட்டுறேன். தொட மட்டும் கூடாது, இறக்கை உதிர்ந்துடும்."

உயிருள்ள பூச்சியைக் குத்துவதில்லை என்று வாக்குக் கொடுத்தான். கொடுத்த பிறகு, ஏன் கொடுத்தோம் என்று யோசித்தான்.

காட்டுச் சேவலிடம் கழுத்து இறகு கேட்டான். "வால்ல எடுத்துக்கயேன். கழுத்து பெட்டைங்க பார்க்கிற இடம்," என்று முணுமுணுத்தபடி ஒன்றே ஒன்று கொடுத்தது. வளைந்த முள்ளில் நாரைச் சுற்றினான், உடம்பு வந்தது. மேலே இறகைச் சுற்றினான். அதன் இழைகள் பூச்சியின் கால்களாய் விறைத்து நின்றன. முள் அவற்றுக்குள் ஒளிந்துகொண்டது.

"வால் மூணு முடி அண்ணே! ரெண்டை வச்சு என்னை மூளியாக்கிட்டீங்க."

அவிழ்த்துக் கட்டினான்.

"எனக்கு இவ்வளவா தொப்பை?"

மறுபடி அவிழ்த்தான்.

பொழுது சாயும் வேளையில் வேலை முடிந்தது. ஓடையில் மீன்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், உள்ளங்கையில் இரண்டு பூச்சிகள்! செய்ததன் பக்கத்தில் அதுவும் வந்து உட்கார்ந்திருந்தது.

"எது நீ?"

கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். இரண்டுக்கும் வால் மூன்று முடி.

தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஏதோ ஒன்றைப் போட்டால்தான் என்ன, எப்படியும் சாகப்போகிற பூச்சிதானே? இப்படி நினைத்தது தான்தானா என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது. குடிசையில் பிள்ளை வீறிட்டது. கெம்பன் குனிந்து, மெல்ல ஊதினான்.

ஒன்று பறந்தது. "உங்க கண்ணையே ஏமாத்திட்டீங்களே அண்ணே! மீன் எம்மாத்திரம்?" என்று சிரித்துக்கொண்டே, வெயில் மிச்சமிருந்த பக்கம் போனது.

கையில் தங்கியதைத் தூண்டிலில் கட்டி நீரில் விட்டான். 'பளக்' என்றது ஓடை. அந்தச் சாற்றைக் குடித்த மாதிக்குப் பால் ஊறியது. பிள்ளை குடித்துக் குடித்து, குடிக்கும்போதே தூங்கிப்போனது.

அன்று முதல்தான் தூண்டில்காரர்கள் இறகுப் பூச்சியை நீரில் விடுமுன் ஒருமுறை ஊதுகிறார்கள். ஈரம் காயத்தான் என்பார்கள். ஆனால் ஊதிவிட்டு, பறக்கிறதா என்று ஒரு கணம் பார்ப்பார்கள்.