நல்வரவை விரும்பும்

பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்த பூபாலன், அந்த வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான எஸ்தரிடம் சீடராகச் சேர்ந்தார். எஸ்தர் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்.

உப்பளத் தெருக்காரர்கள் வரைந்த படங்களை வைத்துப் அருங்காட்சியக ஹாலில் பூபாலன் நடத்திய முதல் கண்காட்சி அது. வீடு வீடாகப் போய் அழைப்புப் பத்திரிகை கொடுத்தார். "வாறோம் சார்" என்றார்கள். ஒருவரும் வரவில்லை. திறப்பு விழாவில் துணைவேந்தர் காலி நாற்காலிகளுக்கு அரைமணி நேரம் பேசினார். நாற்காலிகளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டன.

போகும்போது சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழமையும் இப்படியே கிடந்தா, விடைத்தாள் கட்டு வைக்க இந்த ஹாலை எடுத்துக்குவோம்."

பூபாலனுக்குத் தூக்கம் போயிற்று.

"அவங்க வரைஞ்ச படம். வாறோம்னு வேற சொன்னாங்க. ஏன் மேடம் வரல?"

"பத்திரிகையக் கொடுங்க."

எஸ்தர் கடைசி வரி வரைக்கும் படித்தார். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே துணைவேந்தர், பதிவாளர், எஸ்தர், பூபாலன் என்று பெயர்கள் இருந்தன. கத்திரிக்கோலை எடுத்துப் பெயர்களை மட்டும் நறுக்கிப் போட்டார்.

"என்ன மேடம், என் பேரும் போச்சே!"

"என் பேரும்தான். கீழ யார் பேரு வரணும்னு தெருவுல கேட்டுட்டு வாங்க சார்."

அன்று சாயங்காலம், படம் வரைந்தவர்களில் ஒருவரான லூர்தம்மாள் வீட்டு வாசலில் ஒரே ரகளை. "எங்க பெரியப்பா பேரு முதல்ல வரலன்னா எங்க வீட்டாள் ஒருத்தரும் வர மாட்டோம், ஆமா!" என்று ஒரு வீடு முறுக்கிக்கொண்டது. ஒருவழியாகச் சமாதானமாகி எல்லாப் பெயரையும் எழுதி முடித்தபோது அட்டையின் பின்பக்கமும் நிறைந்துவிட்டது. புதிதாக அச்சடித்து வந்த பத்திரிகையைத் தெருக்காரர்களே சொந்தபந்தங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கால் வைக்க இடமில்லை. துணைவேந்தருக்கே நாற்காலி தேட வேண்டியதாயிற்று.

வாசலில் பட்டுச்சேலை கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு லூர்தம்மாள் நின்றிருந்தார். பூபாலனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சார், வாங்க! வீட்ல கூட்டிட்டு வரலியா? எல்லாப் படத்தையும் இருந்து பாத்துட்டுத்தான் போணும்."

பூபாலனுக்குச் சுருக்கென்றது. அத்தனை படத்துக்கும் ஆணி அடித்தது அவர் கை. கிண்ணத்தைத் தாண்டி நேராக எஸ்தரிடம் போனார்.

"என்னையே வாங்கன்னு கூப்பிடுறாங்க மேடம். அப்ப நாம இங்க யாரு?"

எஸ்தரின் புறங்கையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"சந்தனம் எடுத்துக்கிட்டீங்களா சார்?"