சறுக்கில் வெட்டிய படிகள்

அந்தக் காலத்தில் எறும்பும் பேசியது, உப்பும் பேசியது. எறும்பு பேசியது என்றால் உடனே நம்பிவிடுவீர்கள், உப்பு பேசியதா என்று மட்டும் கேட்பீர்கள். பேசியது. உப்புக்குள் இருக்கிற அணுக்கள்கூடப் பேசின. பெரியது, சிறியது என்ற அளவெல்லாம் அப்போது இன்னும் கெட்டிப்படவில்லை. அதனால் ஒரு மரங்கொத்தி அணுவின் வீட்டுக்குள் போய்வருவதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை.

ஒவ்வோர் அணுவும் ஒரு வீடு. நடுவில் இருப்பவள் அக்கா. அவளைத்தான் இன்று உட்கரு என்கிறோம். அவளைச் சுற்றி ஓடித் திரிகிற தம்பிகள் எலக்ட்ரான்கள். சில வீடுகளில் தம்பிகள் கூட்டமாக இருப்பார்கள். ஹைட்ரஜன் வீட்டில் மட்டும் ஒரே ஓர் அக்கா, ஒரே ஒரு தம்பி. அக்கா பெயர் மையம்மா. தம்பி சுழியன், பெயருக்கேற்ற துறுதுறுப்பு.

வீட்டின் விளிம்பிலிருந்து அக்காவின் காலடி வரை வழவழப்பான ஒரு சறுக்கு உண்டு. தம்பிகள் சுற்றிச் சுற்றி அதில் வழுக்கி வருவார்கள். வழுக்கும்போதெல்லாம் அவர்கள் உடம்பிலிருந்து வெளிச்சம் கொட்டும். சிவப்பில் தொடங்கி ஊதா வரை ஒரு நிறம் விடாமல் கொட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒளித் திருநாள் வரும். வாழையிலை நுனியில் தொங்கும் மழைத்துளி வழியாக ஒவ்வொரு வீட்டு வெளிச்சத்தையும் விட்டுப் பார்ப்பார்கள். ஏழு நிறமும் இடைவெளி இல்லாமல் விரிந்தால் அது நல்ல குடும்பம். எல்லா வீட்டு வெளிச்சமும் ஒரே மாதிரி இருந்ததால், யார் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கேட்பதும் மரியாதை இல்லை.

ஆனால் வெளிச்சம் சும்மா வருமா? உயரத்தைக் கொடுத்துத்தான் அதை வாங்க வேண்டும். கொஞ்சம் வெளிச்சம் கொட்டினால் தம்பி கொஞ்சம் கீழே இறங்கிவிடுவான். இறங்கி இறங்கி அக்கா மேல் மோதினால் தீர்ந்தது. தம்பியும் இல்லை, வீடும் இல்லை. மையம்மா வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வீடு போய்விட்டது. அது யார் வீடு என்று சொல்லக்கூட இன்று ஆளில்லை.

அன்றிலிருந்து மையம்மாவுக்கு நிம்மதி போயிற்று. திருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. சுழியனின் முகம் அவளுக்கு மிகவும் கிட்டத்தில் தெரிந்தது.

"டேய், ஓட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தேன்டா."

"நின்னாலும் வழுக்குதுக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. வாசலில் போன மரங்கொத்தியைக் கூப்பிட்டாள். அவன் துளை போடுவதில் கெட்டிக்காரன், பேச்சில் கொஞ்சம் முசுடு.

"அண்ணே, இந்தச் சறுக்கைப் படியா வெட்டித் தர முடியுமா?"

மரங்கொத்தி தலையைச் சாய்த்துச் சறுக்கைப் பார்த்தான். "வெட்டலாம் தாயி. படியில நிக்கிறவன் வழுக்க மாட்டான். ஆனா நிக்கிற வரைக்கும் வெளிச்சமும் வராது. மேல் படியிலருந்து கீழ் படிக்குக் குதிச்சா ஒரே ஒரு துண்டு வெளிச்சம் வரும். குதிக்கிற உயரம் எவ்வளவோ அதுக்குத் தக்க நிறம். அவ்வளவுதான்."

"ரெண்டு படிக்கு நடுவுல நின்னா?"

"நடுவுல நிக்க இடம் எங்க இருக்கு?"

"மறுபடி மேலே ஏறணும்னா?"

"தீயோ வெயிலோ தூக்கிவிடும். அதுவும் சரியா அந்த உயரத்துக்கு வேண்டியதைக் கொடுத்தாத்தான் ஏறுவான். கூடக் குறைய இருந்தா ஏற மாட்டான்."

மையம்மாவுக்குப் பயத்தையும் மீறி ஆவல் பொங்கியது. இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பாள். மரங்கொத்தி அலகை நீட்டித் தடுத்தான்.

"ஒண்ணு யோசிச்சுக்கோ. நிறம் விட்டுவிட்டு வரும். எந்தெந்த நிறம் வருதுன்னு பார்த்தே உன் வீட்டுப் படி எத்தனை, எவ்வளவு இடைவெளின்னு வெளியே இருக்கிறவன் கண்டுபிடிச்சிருவான். அப்புறம் உனக்கு மறைவே கிடையாது. வெட்டினதை ஒட்டவும் முடியாது."

அவள் சுழியனைப் பார்த்தாள். அவன் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தான்.

"வெட்டுங்கண்ணே."

டக் டக் என்று மூன்று நாள் சத்தம் கேட்டது. கீழே உயரமான படி, மேலே போகப் போக நெருக்கமான படிகள். அடியில் இருந்த கடைசிப் படிக்குக் கீழே மரங்கொத்தி சறுக்கையே விட்டுவைக்கவில்லை. அங்கிருந்து இறங்க வழியே இல்லை.

திருநாள் வந்தது. வெயில் தூக்கிவிடத் தூக்கிவிடச் சுழியன் படிக்குப் படி குதித்தான். மழைத்துளி வழியாக மையம்மா வீட்டு வெளிச்சம் விரிந்தது. எங்கும் ஒரே கறுப்பு. அதில் சிவப்பாய் ஒரு கோடு, தள்ளி நீலப்பச்சையாய் ஒரு கோடு, அப்புறம் ஒரு நீலம், ஓர் ஊதா. ஊரே சிரித்தது. சோடியம் வீட்டு உப்பாயி, பதினொரு தம்பிகளுக்கு அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஏண்டி மையம்மா, பூச்சி அரிச்ச சேலையையா சபைக்குக் கொண்டு வருவே?"

மழைத்துளி மட்டும் சிரிக்கவில்லை. அது கோடுகளை உற்றுப் பார்த்தது, இடைவெளிகளை அளந்தது, பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது. "அக்கா, உங்க வீட்ல படி இருக்கா? மேலே போகப் போக நெருக்கமா? தம்பி... ஒரே ஆள்தானா?"

சபையே மழைத்துளியின் பக்கம் திரும்பியது. ஒருவர் வீட்டுக்குள் இருப்பதை இன்னொருவர் வெளியிலிருந்தே சொன்னது அதுதான் முதல் தடவை.

"போச்சு, வீட்டு விஷயமெல்லாம் சந்திக்கு வந்துருச்சு" என்றாள் உப்பாயி.

மையம்மாவுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிமிர்ந்து சொன்னாள். "வரட்டும். என் தம்பி இருக்கான்."

உப்பாயி பதிலுக்கு வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய பதினோராவது தம்பி, வெளிவட்டத்தில் ஓடுகிறவன், சறுக்கில் பாதி தூரம் சரசரவென்று வழுக்கினான். "அக்கா!" என்று அவன் போட்ட சத்தத்தில் உப்பாயியின் முகம் வெளுத்துப்போனது. கௌரவமாவது ஒன்றாவது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மரங்கொத்தியிடம் ஓடினாள்.

"அண்ணே, ஓடி வாங்க! மையம்மா வீட்ல வெட்டின மாதிரியே வெட்டுங்க!"

மரங்கொத்தி அதே அலகால்தான் வெட்டினான். படிகள்தான் அதே மாதிரி வரவில்லை. உப்பாயி இழுக்கிற இழுப்பு வேறு, பதினொரு பேர் ஒருவரையொருவர் தள்ளுகிற தள்ளு வேறு. அந்தச் சறுக்கு வளைந்த வளைவுக்குத்தானே படி விழும்? தம்பி தப்பித்து, மூச்சு வாங்கி, ஒட்டி நின்ற இரண்டு படிகளிலிருந்தும் மாறி மாறிக் கீழே குதித்தான். மழைத்துளியில் ஒட்டினாற்போல இரண்டு மஞ்சள் கோடுகள் பளிச்சென்று எரிந்தன.

"எனக்கு ஏன் மஞ்சள்?" என்று உப்பாயி அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்.

"நீங்க நீங்களா இருக்கிறதால" என்றது மழைத்துளி.

அதற்குப் பிறகு மரங்கொத்திக்கு உட்கார நேரமில்லை. எல்லா வீட்டு அக்காக்களும் வரிசையில் நின்றார்கள். எந்த இரண்டு வீட்டிலும் படிகள் ஒன்றுபோல அமையவில்லை. செம்பு வீட்டு வெளிச்சம் பச்சையாய் வந்தது. மறு ஆண்டு ஒளித் திருநாளில் நல்ல குடும்பம் எது என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு வெளிச்சமும் விரியும்போது, "இது யாரு?" என்றுதான் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள்.

அன்று முதல்தான் அடுப்புத் தீயில் உப்புத் தூள் விழுந்தால் மஞ்சளாய் எரிகிறது. யாரும் போக முடியாத விண்மீனின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தே அங்கே ஹைட்ரஜன் இருக்கிறது என்று சொல்ல முடிகிறது. அன்று முதல்தான் கடைசிப் படிக்கு வந்த தம்பி அதற்குக் கீழே விழுவதில்லை. அதனால்தான் கல் கல்லாக நிற்கிறது, தண்ணீர் தண்ணீராக ஓடுகிறது, இதைக் கேட்க நீங்களும் இருக்கிறீர்கள்.