தீர்ப்புக் குத்திய உலக்கை

தொம். தொம். தொம்.

சத்தம்தான் முதலில் வந்தது. ஆள் தெரியவில்லை, இடம் தெரியவில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில், எருக்கலூர் அரண்மனையில் புரண்டு படுத்த ராஜாவின் காதில் வந்து இடித்தது. சின்னவர்களும் கேளுங்கள், தூக்கம் வராத பெரியவர்களும் கேளுங்கள். ஊருக்கு ஒரு ராஜா, தப்பினால் தெருவுக்கு ஒரு ராஜா என்று இருந்த காலத்துக் கதை இது.

எருக்கலூர் ராஜாவுக்குத் தடந்தோளன் என்று பெயர். பெயர்தான் அப்படி. தோள் என்னவோ துடைப்பக் குச்சி.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா தீர்ப்புச் சொன்னால் மட்டும் போதாது. செங்கோலால் தரையில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால்தான் தீர்ப்பு செல்லும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. உலக்கைச் சத்தம் கேட்டால் ஊரார் நெல்லை எடுத்துக்கொண்டு சத்தம் வந்த இடத்துக்குப் போவார்கள். அப்படி வந்த நெல்லை உலக்கைக்காரர் திருப்பி அனுப்பக் கூடாது. குத்திக் கொடுத்துவிட்டு, தவிட்டையும் குருணையையும் கூலியாக வைத்துக்கொள்ளலாம்.

அன்று காலை கொலுவில் ஒரு ஆட்டு வழக்கு. ராஜா தீர்ப்புச் சொல்லிச் செங்கோலைத் தட்டினார். செங்கோல் நடுவில் மடங்கி, வாடிய முருங்கைக்காய் மாதிரி தொங்கியது. உள்ளே இருந்து பொலபொலவென்று தூள் கொட்டியது. மேலே தங்கத் தகடு, உள்ளே இலவமரம். இலவமரத்தைக் கரையான் செல் தின்று எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ராஜா இத்தனை நாளும் செல் கட்டிய புற்றைப் பிடித்துக்கொண்டுதான் நாட்டை ஆண்டிருக்கிறார்.

"செல் தொடாத மரம் எது?" என்று கேட்டார் ராஜா.

மந்திரி சாத்தப்பர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார்.

தொம். தொம். தொம்.

குத்திக்கொண்டிருந்தவள் ஒச்சாயி. அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு உரல், ஒரு உலக்கை. உலக்கை கருங்காலி. வெளிறின மேல்மரத்தை எல்லாம் செதுக்கித் தள்ளிவிட்டு, நடுவில் வைரம் பாய்ந்த கறுப்பை மட்டும் எடுத்துச் செய்தது. அது விழுந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

சேவகர்கள் வந்து உலக்கையைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"வேற கட்டை பாத்துக்க," என்றான் ஒரு சேவகன்.

"எங்க பாக்க? காட்டுல இருக்கிற கருங்காலி எல்லாம் என் கட்டைவிரல் தண்டி. அது உலக்கை தண்டி பருக்கிறதுக்குள்ள நான் மண்ணுக்குள்ள கிடப்பேன்," என்றாள் ஒச்சாயி.

உலக்கை போய்விட்டது. அவள் முற்றத்தில் அன்றைக்குக் குருவி கத்துவது கூடக் கேட்டது.

அரண்மனையில் ஆசாரிகள் மூன்று பேர் வந்தார்கள், அண்ணன் தம்பிகள். "நீளத்தில் பாதியைக் குறையுங்கள். தலையில் சிங்கம் வையுங்கள். தங்கத் தகடு அடியுங்கள்," என்றார் ராஜா.

மூத்தவர் ரம்பம் போட்டார். ரம்பம் கீச்சென்றது, புகைந்தது, பல்லெல்லாம் மொட்டையானது. உலக்கையில் பூனை பிறாண்டிய மாதிரி ஒரு கோடு.

நடுத்தம்பி ஆணி அடித்தார். ஆணி கும்பிட்டது. அடுத்த ஆணியும் கும்பிட்டது. "தமருசி போட்டுத் துளைச்சுட்டுத்தான் இதுல ஆணி இறக்கணும் ராஜா. துளைக்கிற தமருசி இன்னும் பிறக்கலை," என்றார்.

சின்னவர் புத்திசாலி. "ஊறவைப்போம், இளகும்," என்று சொல்லி அரண்மனைக் குளத்தில் போட்டார். மரம் என்றால் மிதக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உலக்கை அம்மிக்கல் மாதிரி நேராக அடிக்குப் போய்விட்டது. மூழ்கி எடுத்தார்கள். எடுத்த சேவகன் தும்மினான். உலக்கை அப்படியே இருந்தது.

"பதமா உளி போட்டு, அடிக்கடி சாணை பிடிச்சு, எண்ணெய் விட்டு விட்டுச் செதுக்கினா வரும் ராஜா," என்றார் மூத்தவர்.

"எப்போது வரும்?"

"தை மாசத்துக்குள்ள சிங்கத்தோட ஒரு காது."

"ஒரு காதா?"

"இடது காது."

ராஜாவுக்குப் பொறுமை இல்லை. உலக்கையைத் தேய்த்து மினுக்கித் தரச் சொன்னார். அதற்கு மட்டும் கருங்காலி இடம் கொடுத்தது. முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. ராஜா அதில் தன் மீசையைச் சரிசெய்துகொண்டு, "இதுவே செங்கோல்," என்றார்.

மறுநாள் கொலு. செங்கோல் ராஜாவைவிட ஒரு சாண் உயரம். முதல் வழக்கைத் தீர்த்தார். இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத் தூக்கினார். தூக்குவதுதான் ராஜாவின் வேலை, இறங்குவதை உலக்கையே பார்த்துக்கொண்டது. தொம். சுண்ணாம்புத் தரை விரிந்தது. தொம். குழி விழுந்தது. தொம். அடியில் இருந்த கருங்கல் தெரிந்தது.

அவ்வளவுதான். வாசலில் ஆள் அரவம். எட்டிப் பார்த்தால் கூடையும் முறமுமாக ஊரே வரிசையில் நிற்கிறது.

"ஒச்சாயி அரண்மனைக்குள்ளயா குடிவந்துட்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நெல் குத்தவில்லை. தீர்ப்புச் சொல்கிறேன்," என்று உள்ளே இருந்து கத்தினார் ராஜா.

"சொல்லுங்க ராஜா, நாங்க நிக்கிறோம்."

அடுத்த வழக்கு. தொம், தொம், தொம். வரிசை இன்னும் நீண்டது. இதற்குள் செங்கோடன் என்கிற காது மந்தமான கிழவர், தரை அதிர்ந்ததை வைத்தே வந்து சேர்ந்து, ராஜாவின் காலடிக் குழியில் தன் நெல்லைக் கொட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது வழக்கு ஒச்சாயியினுடையது. "ராஜா, என் உலக்கை," என்றாள். இடுப்பில் ஒரு பெண், கையில் ஒரு பெண். இரண்டும் நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தன.

ராஜா அவளைப் பார்க்காமல் உலக்கையைப் பார்த்தார். அதில் அவர் முகம் நன்றாகத்தான் இருந்தது. "உலக்கை எனக்கே சொந்தம்," என்று தீர்ப்புச் சொல்லித் தூக்கினார்.

தொம். உமி பறந்தது.

"இன்னும் ரெண்டு போடு தம்பி," என்றார் செங்கோடன்.

தொம். தொம். தீர்ப்பு செல்லுபடியாகிவிட்டது. கிழவர் குழியில் கைவிட்டு அள்ளிப் பார்த்தார். "எல்லாம் நொய்யாப் போச்சே. சுண்ணாம்பு வேற. சரி, பழகப் பழகச் சரியாயிரும்," என்று சொல்லி, தவிட்டையும் குருணையையும் ராஜாவின் மடியில் கட்டிவிட்டார்.

மந்திரி குனிந்து ராஜாவின் காதில் சொன்னார்: "உலக்கை உங்களுக்கே என்று ஆகிவிட்டது. உலக்கைச் சத்தம் கேட்டு வந்த நெல்லைத் திருப்பி அனுப்பக் கூடாது. வழக்கம்."

"நான் ராஜா அல்லவா?"

"உலக்கைக்கார ராஜா."

ராஜா குத்தினார். முதல் கூடையில் கிரீடம் நழுவியது. இரண்டாவது கூடையில் கை கொப்புளித்தது. மூன்றாவது கூடையில் உலக்கை கால் பெருவிரலில் இறங்கியது. கருங்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெயில் சாய்வதற்குள் ராஜா அழுதுவிட்டார். "ஒச்சாயி, நீயே வைத்துக்கொள், தாயே. தீர்ப்பை மாற்றிவிட்டேன்."

"தட்டணும் ராஜா. தட்டினாத்தானே செல்லும்," என்றாள் ஒச்சாயி.

ராஜா உலக்கையைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. "நீயே தட்டிவிடேன்," என்றார்.

கதை கேட்டவர்களே, ஒரு பொருளை ஆசைப்பட்டுப் பிடுங்கிக்கொள்கிறவன், அதோடு ஒட்டியிருக்கிற வேலையையும் சேர்த்தே பிடுங்கிக்கொள்கிறான்.

ஒச்சாயி இடுப்புப் பிள்ளையை இறக்கி மந்திரியிடம் கொடுத்தாள். முந்தானையைச் செருகினாள். உலக்கையை ஒரு கையில் எடுத்து மறு கைக்கு மாற்றிப் போட்டாள்.

தொம். தொம். தொம். அது தீர்ப்புக்கு.

நாலாவது குத்து, வரிசையில் மிச்சம் நின்ற நெல்லுக்கு.