டொக்கு அழுதது

டொக்குவுக்கு அழ வரவில்லை. அதுதான் கோளாறு.

டொக்கு ஒரு கழுதை. பழைய சாம்பல் நிற சாக்ஸில் செய்த, கையில் மாட்டி ஆட்டும் பொம்மைக் கழுதை. ஒரு காலத்தில் கோடம்பாக்கத்து மாடி அறை ஒன்றில், அருமைநாயகம் என்ற ஓவியனின் மேஜைமேல் வசித்தது. ஆசாமிக்கு மாதச் சம்பளம் கிடையாது. காலையில் பல்பொடி விளம்பரம், மத்தியானம் வாரப் பத்திரிகைக்குக் கார்ட்டூன், சாயங்காலம் டி.வி.யில் டொக்குவை வைத்துக் குழந்தைகள் நிகழ்ச்சி. எவன் கூப்பிட்டாலும் போவான். போகாவிட்டால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள்.

அந்த வாரம் பல்பொடிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"சிரிப்பு பத்தல சார்."

வரைந்தான்.

"இன்னும் கொஞ்சம்."

பல் தெரிய வரைந்தான். ஈறு தெரிய வரைந்தான். ஒவ்வொரு 'இன்னும் கொஞ்ச'த்துக்கும் அவன் இடது கை மேஜைக்கு அடியில் முஷ்டி பிடித்தது. அதை யார் பார்த்தார்கள்? வலது கைக்குத்தான் வேலை. அதற்குக் கடைசியில் சிரிப்பைத் தவிர எல்லாம் மறந்துபோயிற்று.

கார்ட்டூனில் வெள்ளம் பார்க்க வந்த மந்திரி இளித்தார். கழுத்தளவு தண்ணீரில் நின்ற ஜனமும் இளித்தது. பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது.

டொக்குவின் முகம் நைந்திருந்தது. புதுத் துணி தைத்து வாய் வரைந்தான். காதுக்குக் காது சிரிப்பு. அந்த வாரக் கதையிலோ டொக்கு சந்தையில் அம்மாவைத் தொலைத்துவிட்டு அழவேண்டும்.

ஒத்திகையில் தயாரிப்பாளர் செண்பகவல்லி உற்றுப் பார்த்தாள்.

"என்ன நாயகம் சார், அம்மாவத் தொலைச்ச கழுதைக்கு இவ்வளவு சந்தோஷமா?"

"சரி பண்ணிடறேன் மேடம்."

"நாளைக்கு அது அழணும். இல்லேன்னா இதோட டொக்குவ நிறுத்திடலாம். முயல் பொம்மை ஒண்ணு தயாரா இருக்கு."

டொக்கு மேஜைக்குத் திரும்பியது. அழவேண்டும்போல இருந்தது. முகம் சிரித்தது.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றது விளம்பரத் தூரிகை. "அழுமூஞ்சிய எவன் பாப்பான்?"

"தொலைஞ்சவன்கிட்ட போய் பல்பொடி விக்கறியே, வெக்கமா இல்ல?" என்றது கார்ட்டூன் பேனா.

"உன் மந்திரி வெள்ளத்துல பல்லக் காட்டினாரே, அதச் சொல்லு."

"மந்திரி இளிச்சது சரிதான்யா. ஜனம் இளிச்சதுதான் தப்பு."

"உங்க சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க," என்றது டொக்கு. "முயல் வந்துட்டா என் கதி என்ன? குப்பைக்கூடைதானே?"

தூரிகைக்கு இரக்கம் வந்தது. டொக்குவின் கண்ணுக்குக் கீழே நீலத்தில் இரண்டு சொட்டு வைத்தது.

பேனா எட்டிப் பார்த்தது. "நல்லா இருக்கு. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்த மாதிரி."

மறுநாள் படப்பிடிப்பு. விளக்கு போட்டார்கள். எதிரே பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அருமைநாயகம் பலகைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, எப்போதும்போல் இடது கையை டொக்குவுக்குள் நுழைத்தான். வலது கையில் கத்தரிக்காய்க்காரிப் பொம்மை.

"யாரு பிள்ளைப்பா நீ?" என்று கேட்டாள் கத்தரிக்காய்க்காரி.

டொக்குவுக்குள் ஏதோ இறுகியது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கன்னம் உள்ளே போனது. மூக்கு சுருங்கியது. காது இரண்டும் தொங்கின. வரைந்த சிரிப்பு மடிப்புக்குள் போய் ஒளிந்தது. இரண்டு சொட்டு நீலம் மட்டும் வெளியே நின்றது.

செண்பகவல்லி 'கட்' சொல்ல மறந்தாள்.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்துவிட்டது. "அழாத டொக்கு. நானும் கூட வந்து தேடறேன்."

முயல் பெட்டிக்குள் போயிற்று.

எல்லாரும் வந்து கைகுலுக்கினார்கள். "பிரமாதம் நாயகம் சார். உங்க கையில என்னமோ இருக்கு." குலுக்கியதெல்லாம் வலது கையை. அதுவும் கூச்சமில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

தனக்குள்ளே முஷ்டி பிடித்து அழுதது யார் என்று டொக்குவுக்குத் தெரியும். இன்னும் கழற்றாமல் உள்ளேயே இருந்தது, இடது கை.